பக்கத்துப் படுக்கைக்காரி

மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு தட்டு வந்திருந்தது.

அந்த அறைக்குச் சாப்பாடு சுவர் வழியாகத்தான் வரும். சுவரில் ஒரு இரும்புப் பெட்டி. அதற்கு வெளிப்பக்கம் ஒரு கதவு, உள்பக்கம் ஒரு கதவு. தாழ்வாரத்தில் இருப்பவர்கள் தட்டை வைத்துவிட்டுத் தங்கள் கதவைச் சாத்தினால்தான் அவள் பக்கத்துக் கதவு திறக்கும். நோயாளியின் மூச்சுக்காற்று படாமல் சோறு போடுவதற்காக யாரோ மெனக்கெட்டு யோசித்துச் செய்த ஏற்பாடு. அவள் திறந்து பார்த்தபோது தட்டுகள் இரண்டும் தோளோடு தோள் உரசிக்கொண்டு புது ஜோடி மாதிரி உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டு ரொட்டி, ஓடு உரிக்காத அவித்த முட்டை, அடி தெரிகிற அளவுக்குத் தெளிந்த சூப். ஒன்றின் ஓரத்தில் ‘படுக்கை 1’ என்று சீட்டு ஒட்டியிருந்தது. இன்னொன்றில் ‘படுக்கை 2’.

படுக்கை இரண்டு இருந்தது வாஸ்தவம். ஆள் ஒருத்திதான். தாழ்வாரத்துக் கண்ணாடியை ஒட்டிக் கிடந்த இரண்டாவது கட்டிலில் மெத்தை சுருட்டி வைத்திருந்தது; அதைச் சுற்றி இழுக்க வேண்டிய பச்சைத் திரை கம்பியோரம் ஒதுங்கித் தொங்கியது. ஒன்பது மாத வயிற்றோடு அவளைப் பக்கவாட்டில் பார்த்த யாரோ தலையை எண்ணாமல் உடம்பை எண்ணியிருக்க வேண்டும். அதைப் பெரிய தப்பு என்று சொல்ல அவளுக்கே வாய் வரவில்லை. வயிற்றில் இருக்கிறவருக்கும் சேர்த்துத்தான் என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு இரண்டு தட்டையும் காலி செய்தாள். சூப்பைக்கூட விடவில்லை. காலித் தட்டுகளைப் பெட்டிக்குள் வைத்துச் சாத்தியதும் அந்தப் பக்கத்துக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

பசி அடங்கியதும் கோபம் திரும்பி வந்தது.

எட்டு வருஷமாக ஒரு ஃபிரிட்ஜ் கம்பெனியின் புகார் பிரிவில் ஃபோன் எடுப்பவள் அவள். ஊரார் கோபத்தைக் காது வழியாக வாங்கி, ‘சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று வாய் வழியாக விடுகிற வேலை. சொந்தக் கோபத்துக்கு அங்கே நாற்காலி கிடையாது. அது பத்திரமாக வீட்டுக்கு வந்து கணவன் தலையில் இறங்கும். அவனும் ‘சொல்லுங்க மேடம்’ என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். அந்த ‘மேடம்’ அப்படியே அவள் பெயராக ஒட்டிக்கொண்டுவிட்டது.

இப்போது கோபத்துக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. முப்பத்திரண்டு வயதில், பிரசவத்துக்கு ஒரு வாரம் இருக்கையில், சின்னம்மை. பள்ளிக்கூடத்தில் சேரும் வயதில் வந்து போயிருக்க வேண்டியது, அவள் எதையும் தாமதமாகத்தான் செய்வாள் என்று தெரிந்துகொண்டு காத்திருந்தது போல. இரண்டு வாரம் முன்பு நாத்தனார் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பிள்ளையின் கழுத்தில் சிவப்புச் சிவப்பாக என்ன என்று கேட்டதற்குக் கொசுக்கடி என்றாள். அதே கொசு வகுப்பில் பாதிப் பேரைக் கடித்திருந்த விஷயம் பிறகுதான் வெளியே வந்தது. பிள்ளை மேல் அவளுக்கு வருத்தமில்லை. அது பாவம், மிச்சமிருந்த அரை மடியில் ஏறி உட்கார்ந்து வயிற்றில் காது வைத்து, உள்ளே யாரோ டிவி பார்க்கிறார்கள் என்று சொல்லிற்று. தாய்க்காரியைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

டாக்டரம்மா தலை முதல் கால் வரை பிளாஸ்டிக் உடுப்பில் வந்து, கதவருகிலேயே நின்று, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பிரசவத்தை முடிந்தவரை தள்ளிப் போடப் பார்ப்பார்கள். முடியாவிட்டால் குழந்தை பிறந்ததும் ஊசி போட்டு மேல்மாடிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். தாய்க்கு இரண்டு நாள் தொடர்ந்து காய்ச்சல் இருக்கக்கூடாது, புதுக் கொப்புளம் கிளம்பக்கூடாது, பழையது அத்தனையும் காய்ந்து பொருக்கு விட்டிருக்க வேண்டும். அந்த மூன்றும் பதிவேட்டில் ஏறிய பிறகுதான் குழந்தையைக் கையில் கொடுப்பார்கள். அதற்கு முன் தொடக்கூட முடியாது.

அவள் கைகளைப் பார்த்துக்கொண்டாள். விரலிடுக்கில்கூட முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. ஒன்பது மாதம் வெந்நீரா பச்சைத்தண்ணீரா என்று யோசித்து யோசித்துக் குடித்தவள் அவள். பெற்றதை வாங்கும் கை மட்டும் இப்படியா என்று நினைத்தபோது, அழுகை வராமல் கோபமே வந்தது. அழுதால் கன்னத்துக் கொப்புளம் எரியும் என்பதும் ஒரு காரணம்.

சாயங்காலம் கண்ணாடியைத் தட்டும் சத்தம் கேட்டது. அந்த அறைக்குள் போன காகிதம் வெளியே வரக்கூடாது என்பது ஆஸ்பத்திரி விதி. அதனால் நோயாளியே காய்ச்சலைப் பார்த்து ஒரு சிறிய வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்ட வேண்டும். வெளியே நிற்கும் சிஸ்டர் அதைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக்கொள்வாள். எந்நேரமும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமே நின்றதால் அவளுக்கு இவள் கண்ணாடி சிஸ்டர் என்று பெயர் வைத்திருந்தாள். நூற்றொன்று என்று எழுதிக் காட்டினாள். கண்ணாடி சிஸ்டர் குறித்துக்கொண்டாள். போகவில்லை. இரண்டு விரலைத் தூக்கி, சுருட்டிய மெத்தையின் பக்கம் காட்டினாள்.

இவள் இன்டர்காமை எடுத்து, இங்கே தான் ஒருத்திதான் என்றாள். பதிவேட்டில் இரண்டு பேர் இருப்பதாக சிஸ்டர் சொன்னாள். பதிவேட்டைத் திருத்தச் சொன்னாள் இவள். இரண்டு கட்டமும் நிரம்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது, மேலே பார்ப்பவர்கள் கேட்பார்கள் என்றாள் அவள். குரலில் கோபமில்லை, பொறுமையும் இல்லை, ஒன்றுமே இல்லை. கடைசியாக, மடக்கிவிட்ட தொனியில் கேட்டாள்.

“ஆளில்லன்னா ரெண்டு தட்டும் எப்படிம்மா காலியா வந்துச்சு?”

அதற்குப் பதில் சொல்வது சுலபம். நான்தான் தின்றேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஆனால் முகமெல்லாம் கொப்புளமும், பின்பக்கம் பூட்ட வேண்டியதை முன்பக்கம் பூட்டிய ஆஸ்பத்திரி கவுனுமாக நிற்கிற பெண்ணுக்கு மிச்சமிருப்பது கொஞ்சம் மானம்தான். அவள் கோபத்தில் பலகையை அழித்துப் பெரிய எழுத்தில் எழுதினாள்: ‘படுக்கை 2. காய்ச்சல் இல்லை. கொப்புளம் இல்லை. புகார் எதுவும் இல்லை.’

சிரிப்பாள் என்று நினைத்தாள். குறைந்தபட்சம் முறைப்பாள் என்று. கண்ணாடி சிஸ்டர் குனிந்து, ஒரு வரி விடாமல், எழுதிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை தழும்பு சிஸ்டர் உள்ளே வந்தாள். ஏற்கெனவே அம்மை வந்து போனவர்கள்தான் அந்த அறைக்குள் நுழையலாம். அந்த மாடியில் அப்படி ஒரே ஆள் அவள். மூக்கு நுனியில் ஒரு பழைய குழி சாட்சிக்கு இருந்தது. அவளிடம் விஷயத்தைச் சொன்னதும் சுருட்டிய மெத்தையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். மருந்துத் தண்ணீரைப் பஞ்சில் தொட்டுத் தொட்டு வைத்தபடியே, வெளியே இருக்கிற மகராசிகளுக்கு எழுதத் தெரிந்த அளவுக்குப் பார்க்கத் தெரியாது, தானே போய்ச் சொல்லித் திருத்திவிடுவதாகச் சொன்னாள். அங்கே வந்த பிறகு முதல் தடவையாக ஒரு மனுஷி தன்னைத் தொட்டதில் இவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மதியம் மறுபடி இரண்டு தட்டு.

இந்த முறை இரண்டாவது தட்டை அவள் தொடவில்லை. வெளியே இருப்பவர்கள் கண்ணால் பார்க்கட்டும் என்று அதை எடுத்துப் போய்ச் சுருட்டிய மெத்தையின் பக்கத்து மேஜையில், கண்ணாடிக்கு நேராக வைத்தாள். அப்புறம் குளியலறைக்குப் போனாள். முதுகில் அரித்த அரிப்புக்கு ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து, வயிற்றைத் தடவி, வெளியே வர அவசரப்படாதே, இங்கே ஒன்றும் பிரமாதமாக இல்லை என்று குழந்தையிடம் பேசிக்கொண்டிருந்தாள். குழாய் சொட்டியது. ஜன்னல் வழியாக வெயில் வந்து தரையில் சதுரமாகக் கிடந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ மெல்ல உடையும் சத்தம். மறுபடி ஒன்று. நகத்தால் எதையோ சின்னச் சின்னதாகப் பெயர்ப்பது போல, அவசரமே இல்லாமல்.

வெளியே வந்தபோது முட்டை இல்லை. ரொட்டி இல்லை. தட்டின் ஓரத்தில் முட்டை ஓடுகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒரு பொடிகூடச் சிந்தவில்லை. மெத்தை விரித்திருந்தது.

அவள் இன்டர்காமில் கத்தினாள். யார் உள்ளே வந்தது, தழும்பு சிஸ்டரா, அவளை உடனே அனுப்பு என்றாள். தழும்பு சிஸ்டர் பணி முடிந்து காலையிலேயே வீட்டுக்குப் போய்விட்டதாகவும், கதவு திறந்தால் தாழ்வாரத்தில் மணி அடிக்கும், மணி அடிக்கவில்லை என்றும் கண்ணாடி சிஸ்டர் சொன்னாள். சத்தம் போட்டால் காய்ச்சல் ஏறும் என்றும் சேர்த்துச் சொன்னாள்.

“பக்கத்துல ஒருத்தவங்க இருக்காங்கல்ல, அவங்க ஒரு குறை சொல்றாங்களா?”

கணவன் நாலு மணிக்குக் கண்ணாடிக்கு வெளியே வந்து நின்று ஃபோன் போட்டான். அவனுக்கு அம்மை வந்ததே இல்லை; உள்ளே விடமாட்டார்கள். அவள் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தலையாட்டினான். சண்டையைக் கண்டால் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடுகிற ஆள் அவன். இங்கே ஓடவும் முடியவில்லை. குழந்தை நாளைக்கு இவர்கள் கையில்தான் இருக்கப்போகிறது, பகைத்துக்கொள்ளாதே என்றான். அவளுக்குக் காது சூடானது. உன் பொண்டாட்டி அறையில் முகம் தெரியாத எவளோ இருக்கிறாள் என்கிறேன், நீ எனக்கு நல்லொழுக்க வகுப்பு எடுக்கிறாயா என்று கேட்டாள். அவன் சிரித்து மழுப்பப் பார்த்தான்.

“அவங்ககிட்டயிருந்து கொஞ்சம் கத்துக்கோயேன் மேடம். ரொம்பத் தன்மையானவங்கன்னு சிஸ்டரே சொல்றாங்க.”

அவள் ஃபோனைக் கட்டிலில் எறிந்தாள்.

மூன்றாம் நாள் விடியும்போதே வலி எடுத்தது. தள்ளிப் போடலாம் என்ற டாக்டரம்மாவின் யோசனையைக் குழந்தை ஏற்கவில்லை. மணியை அழுத்திவிட்டுக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபோது, பச்சைத் திரை இரண்டாவது கட்டிலைச் சுற்றி இழுத்து மூடியிருப்பதைப் பார்த்தாள். ராத்திரி தூங்கப் போகும்போது அது திறந்திருந்தது. திரைக்குள்ளிருந்தும் மூச்சுச் சத்தம் வந்தது. இவள் மூச்சு அறுந்து அறுந்து வர, அது நன்றாகத் தூங்குகிறவளுடையது போல, ஏறி, இறங்கி, ஏறி, இறங்கி.

பின்பக்கத் தாழ்வாரம் வழியாக, ஆட்களை விலக்கிவிட்டு அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அறுவை சிகிச்சை. வயிற்றில் யாரோ அலமாரியில் சாவி தேடுவது போல இருந்தது. பிறகு ஒரு அழுகை. பிளாஸ்டிக் கைகள் ஒரு நொடி தூக்கிக் காட்டின. பெண். நெற்றியில் ஈர முடி. இரண்டு புருவத்துக்கும் நடுவில் ஆழமாக ஒரு சுளிப்பு, பிறந்ததும் மேலதிகாரியை வரச் சொல்லுகிற முகம். என் பொண்ணுதான் என்று நினைத்தாள், சந்தேகமே வேண்டாம். சிரிக்க வாயெடுப்பதற்குள் கொண்டு போய்விட்டார்கள்.

நாலாம் நாள் அவளுக்கு எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. தையல் நெருப்பாக எரிந்தது. காய்ச்சல் நூற்றிரண்டு. உள்ளங்கையில் புதிதாக நாலு கொப்புளம். அவள் பக்கம் மருந்துத் தண்ணீர் வாசனையும், வியர்வையும், உடைந்த கொப்புளத்தின் புளித்த வாடையும் இருந்தன. திரைக்கு அந்தப் பக்கமிருந்து பவுடர் வாசனை வந்தது. புதிதாகத் துவைத்த வெள்ளைத் துணியின் வாசனை. இடையிடையே கட்டில் ஸ்பிரிங் முனகியது, ஆள் புரண்டு படுக்கும்போது முனகுமே அப்படி.

தழும்பு சிஸ்டர் வந்தாள். இவளுக்கு அப்படியொரு ஆறுதல். தையலைத் துடைத்தாள், மாத்திரை கொடுத்தாள். திருத்திவிட்டாயா, பதிவேட்டில் சொல்லிவிட்டாயா என்று இவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். சிஸ்டர் பதில் சொல்லாமல் தெர்மாமீட்டரைத் துடைத்து எடுத்துக்கொண்டு திரைக்குள் போனாள். உள்ளே தணிந்த குரலில் ஏதோ கேட்டாள். ஏதோ ஒரு பதிலுக்குச் சிரித்தாள், சின்ன வயசுச் சிநேகிதியிடம் சிரிப்பது போல. வெளியே வந்து திரையை மறுபடி ஒழுங்காக இழுத்துவிட்டாள்.

“யாரு சிஸ்டர் அது?”

“மெதுவா பேசுங்கம்மா. இப்பதான் கண்ணசந்தாங்க.”

மூக்கு நுனியில் அந்தக் குழி அப்படியே இருந்தது. கண்கள்தான் வேறு மாதிரி இருந்தன. கண்ணாடி சிஸ்டரின் குரல் மாதிரி, ஒன்றுமே இல்லாமல்.

அன்று சாயங்காலம் அவள் பலகையில் தன் காய்ச்சலை எழுதவில்லை. ‘படுக்கை 2-ல் யாரும் இல்லை. குழந்தைக்குத் தாய் நான்தான்’ என்று எழுதி, படுத்தபடியே இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தாள். கண்ணாடி சிஸ்டர் படித்தாள். உதடு அசையப் படித்தாள். பிறகு பார்வையைத் திரைக்குத் திருப்பினாள். கண்ணாடிப் பக்கம் திரை கிடையாது என்பதால் அந்தக் கட்டில் வெளியே இருப்பவர்களுக்குத் தெரியும், இவளுக்குத்தான் தெரியாது. சிஸ்டர் அந்தப் பக்கம் எதையோ படித்தாள். முகம் மலர்ந்தது. தலையாட்டினாள். எழுதினாள்.

இன்டர்காமை எடுத்து இவள் கேட்டாள். கெஞ்சித்தான் கேட்டாள். என்ன எழுதினாய் என்று.

“உங்களுக்கு நூத்திரண்டுதானேம்மா? அவங்களுக்கு ஒண்ணுமில்ல. நாலு நாளா ஒண்ணுமில்ல. டாக்டர் கையெழுத்துப் போட்டுட்டாங்க.”

எதற்குக் கையெழுத்து?

இணைப்பு அறுந்துவிட்டது.

ஐந்தாம் நாள். பட்டப்பகல். அறை முழுக்க வெயில், எந்த மூலையிலும் இருட்டில்லை. கதவு திறந்தது. தாழ்வாரத்தில் மணி அடித்தது. தழும்பு சிஸ்டர், கையில் வெள்ளைத் துணிச் சுருள்.

சுருளுக்குள் ஒரு சுளித்த நெற்றி.

அவள் கையை நீட்டினாள். தையல் பிய்ந்தது போல இருந்தது, பரவாயில்லை, நீட்டினாள். நாலு நாள் கோபம் முழுவதும் அந்த நொடி கரைந்து போயிற்று. எல்லாரையும் மன்னித்துவிட்டாள். நாத்தனாரைக்கூட.

சிஸ்டர் நிற்கவில்லை. கட்டிலைத் தாண்டிப் போனாள்.

“இங்க. சிஸ்டர். இங்க குடு.”

“உங்களுக்குக் கொப்புளம் இன்னும் ஈரமா இருக்கேம்மா. அவங்களுக்குத்தான் அனுமதி.”

திரைக்குள் போனாள். திரும்பி வந்தாள்.

வெறுங்கையோடு.

குழந்தை அழுதது. உரக்க, ஆத்திரமாக, முகவரி மாறி வந்துவிட்டதைக் கண்டுபிடித்த அழுகை. அவளுக்கு மார்பு இறுகியது. எழுந்தாள். ஒரு கால் தரையில். வலி அடிவயிற்றிலிருந்து கண் வரை வெள்ளையாக ஏறிற்று. விழுந்தாள். கம்பியைப் பிடித்தாள்.

கண்ணாடிக்கு வெளியே கணவன் நின்றிருந்தான்.

பக்கத்தில் நாத்தனார். இரண்டு பேர் முகமும் திரைக்குப் பின்னால் இருந்த கட்டிலைப் பார்த்து மலர்ந்திருந்தன. நாத்தனார் விரல் நுனியில் முத்தம் வைத்துக் கண்ணாடியில் ஒட்டினாள். அவன் அழுதுகொண்டிருந்தான். கல்யாணத்தன்றுகூட இப்படி அவன் முகத்தைப் பார்த்ததில்லை. ஃபோனைக் காதில் வைத்திருந்தான். இவள் ஃபோன் தலையணை மேல் கிடந்தது. அது அடிக்கவில்லை. அவன் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான், கேட்டுக்கொண்டிருந்தான், தலையாட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவள் கத்தினாள். அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். கண்ணாடியில் பலகையை எறிந்தாள்.

அவன் திரும்பிப் பார்த்தான்.

முதல் தடவையாக. முகத்தை, கொப்புளங்களை, கலைந்த கவுனை. ரயிலில் எதிர் இருக்கையில் தகராறு செய்கிற பெண்ணைப் பார்ப்பது போல, கொஞ்சம் பரிதாபமாக, கொஞ்சம் பயந்து. நாத்தனாரின் தோளைப் பிடித்து மெல்ல விலக்கி நிறுத்தினான். கண்ணாடி சிஸ்டரிடம் குனிந்து ஏதோ சொன்னான். இன்டர்காம் எங்கோ திறந்திருந்தது. அவன் குரல் அறைக்குள் வந்தது. சண்டைக்குப் பயந்த அதே குரல்.

“அந்தப் பக்கத்து பெட் அம்மாவுக்குத் திரைய இழுத்துவிடுங்களேன். என் வொய்ஃபுக்குத் தொந்தரவா இருக்கு.”

தழும்பு சிஸ்டர் அவளைத் தூக்கிக் கட்டிலில் போட்டாள். தோளைப் போர்த்தினாள். அவள் கட்டிலைச் சுற்றியும் கம்பியில் திரை வளையங்கள் வரிசையாக ஓடிவந்தன. பச்சை. கணவன் மறைந்தான். கண்ணாடி மறைந்தது. வெயில் மறைந்தது.

அந்தப் பக்கம் அழுகை நின்றது.

ஒரு சின்ன விக்கல். பிறகு வாய் பற்றிக்கொண்ட சத்தம். உறிஞ்சும் சத்தம், நிதானமாக, பசியோடு, நிதானமாக. யாரோ குழந்தையின் முதுகில் தட்டிக்கொடுக்கிறார்கள்.

பச்சை இருட்டுக்குள் அவள் கவுனின் முன்பக்கம் சூடாக நனைந்தது. அங்கே ஒவ்வொரு மிடறுக்கும், இங்கே அவளிடமிருந்து சொட்டுச் சொட்டாக வழிந்து, வயிற்றுத் தையல் மேல் இறங்கி, விரிப்பில் ஊறிக்கொண்டே இருந்தது.